டில்லியில் வாங்கும் தீர்ப்பு ராமேசுவரம் கரைக்கு எப்போது வந்து சேரும்?

மண்டபம் நிருபர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஊடகச் சுதந்திரத்துக்காகவும் இணைய உரிமைக்காகவும் சட்டச் சீர்திருத்தத்துக்காகவும் நீதிமன்றம் ஏறும் தொண்டு நிறுவனங்களைப் பற்றி நம் கடற்கரையில் அதிகம் பேச்சில்லை. டில்லியில் இயங்கும் இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷனை எடுத்துக்கொள்வோம். எல்லா இணையத்தளங்களையும் பாகுபாடின்றி நடத்த வேண்டும் என்ற இணையச் சமவாய்ப்புக்காக 2015இல் நடந்த பெரும் பிரசாரத்தில் ஒன்றுசேர்ந்தவர்கள் 2016இல் அமைத்த நிறுவனம் அது. அவர்களுடைய வேலைகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது, செத்துப்போன ஒரு சட்டப் பிரிவைப் பற்றியது. பிறருக்கு எரிச்சலூட்டும் செய்தியை இணையத்தில் அனுப்பினாலே 3 ஆண்டு வரை சிறை என்று சொன்ன தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை, 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் முழுவதுமாக ரத்து செய்தது. அதற்குப் பிறகும் பல மாநிலங்களில் காவல் நிலையங்கள் அதே பிரிவில் வழக்குப் பதிந்துகொண்டே இருந்தன. அந்த வழக்குகளைத் தேடித் தொகுத்ததிலும், பியூசிஎல் என்ற மக்கள் சிவில் உரிமைக் கழகம் மறுபடி உச்ச நீதிமன்றம் போனபோது சட்ட உதவி அளித்ததிலும் இந்த நிறுவனத்தாருக்குப் பங்கு உண்டு. தீர்ப்பின் நகலை எல்லா மாநிலங்களின் தலைமைச் செயலர்களுக்கும் அனுப்பும்படி 2019இல் உத்தரவாயிற்று. அதுவும் போதாமல், அந்தப் பிரிவில் இனி எவர் மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் தனியாக ஓர் உத்தரவு போட வேண்டியிருந்தது. தீர்ப்புக்கும் இந்த உத்தரவுக்கும் இடையே ஏழு ஆண்டுகள் போய்விட்டன.

இத்தகைய நிறுவனம் ஒன்றின் வழக்கறிஞர்களை அழைத்து இங்கே ஒரு சட்ட முகாம் நடத்தலாம் என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். எஸ்.பி.பட்டினம் முதல் சாயல்குடிப் பக்கம் வரை நீளும் நம் கரைக்கு அவர்களிடம் கேட்க என்ன இருக்கிறது? கருத்துச் சுதந்திரம் வேண்டும் என்று பொதுவாக எழுதாமல், உங்களுக்கு எந்தத் தாள் மறுக்கப்படுகிறது, எந்தச் செய்தி தடுக்கப்படுகிறது என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

சங்குமால் எழுதியது:

நிருபர் தம்பி, மனத்தில் பட்டதைச் சொல்கிறேன். டீசல் விலை, படகுச் சிறைபிடிப்பு, கடன் என்று நாங்கள் அல்லாடும்போது இணையச் சுதந்திரம் என்பது ஊர்ப் பெரியவர்களின் பொழுதுபோக்காகத்தான் தோன்றுகிறது. இந்த நிறுவனங்களின் அறிக்கைகள் ஆங்கிலத்தில் வருகின்றன, வழக்குகள் டில்லியில் நடக்கின்றன. போதாததற்கு, வெளிநாட்டுப் பணம் வாங்கி நடத்துகிறார்கள் என்ற பேச்சு வேறு. அவர்கள் இங்கே வந்து படம் எடுத்துக்கொண்டு போவதில் எங்களுக்கு என்ன கிடைக்கும்?

வழக்கறிஞர், ராமநாதபுரம் எழுதியது:

சங்குமால் அண்ணன் கேட்டதில் நியாயம் இருக்கிறது, பணத்தைப் பற்றிய பேச்சைத் தவிர. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010, பதிவு பெற்ற நாளிதழின் செய்தியாளர், ஆசிரியர், பதிப்பாளர் எவரும் வெளிநாட்டு நன்கொடை பெறுவதை 3ஆம் பிரிவிலேயே தடை செய்கிறது. மற்றத் தொண்டு நிறுவனங்களும் உள்துறை அமைச்சகத்தில் பதிவோ முன் அனுமதியோ பெறாமல் அந்தப் பணத்தைத் தொட முடியாது. 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஒரு நிறுவனம் தான் பெற்ற நன்கொடையை இன்னொரு நிறுவனத்துக்குப் பகிரவும் முடியாது. அழைக்கும் முன் கணக்கறிக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அப்படிக் கேட்பது நம் உரிமை, கடமையும்கூட.

இணையம் பொழுதுபோக்கா என்ற கேள்விக்கு வேம்பாற்றைத் தாண்டிப் போனால் பதில் இருக்கிறது. 2018 மே 22 அன்று தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தினார்கள். அந்த நாட்களில் காயம்பட்டவரின் பெயரைச் சரிபார்ப்பதுகூடப் பெரும்பாடாக இருந்தது. அன்றைக்கு அத்தகைய உத்தரவைப் பொதுமக்களுக்கு வெளியிடும் வழக்கம் இல்லை. காஷ்மீர் டைம்ஸ் நிர்வாக ஆசிரியர் அனுராதா பாசின் தொடுத்த வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று வந்த தீர்ப்புதான், இணையத்தை முடக்கும் உத்தரவை வெளியிட்டாக வேண்டும், காலவரையின்றி முடக்கக் கூடாது, அந்த உத்தரவை நீதிமன்றத்தில் எதிர்க்க இடம் இருக்க வேண்டும் என்று நிலைநாட்டியது. இன்று ஓர் உத்தரவு 15 நாட்களுக்கு மேல் நீடிக்க முடியாது. மாநில அளவில் உள்துறைச் செயலர் பிறப்பிக்க வேண்டிய உத்தரவு அது; மாவட்ட ஆட்சியரோ காவல் கண்காணிப்பாளரோ தாமாகப் போட இயலாது. இதை நம் ஊரில் எத்தனை பேர் அறிவோம்? நாடு முழுவதும் எங்கெங்கே இணையம் நிறுத்தப்பட்டது என்று எஸ்எஃப்எல்சி என்ற இன்னொரு டில்லி நிறுவனம் தொடர்ந்து பட்டியல் எடுத்து வருகிறது. அந்தப் பட்டியல்கள் இல்லாவிட்டால் ஒவ்வொரு முடக்கமும் தனி நிகழ்வாகவே மறக்கப்பட்டிருக்கும்.

விசைப்படகு, தங்கச்சிமடம் எழுதியது:

இணையம் கரையில் இருப்பவர்களுக்கு மட்டுமான விஷயம் இல்லை என்று நானும் சொல்ல வேண்டும். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் தரும் அலை எச்சரிக்கையையும் மீன்வளத் துறையின் தூண்டில் செயலியையும் பார்த்துவிட்டுத்தான் இப்போது பல படகுகள் கிளம்புகின்றன.

என் கேள்வி, படகின் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குத் தெரிவிக்கும் டிரான்ஸ்பான்டர் கருவி பற்றியது. 13 கடலோர மாநிலங்களிலும் ஆட்சிப் பகுதிகளிலும் 1 லட்சம் படகுகளுக்கு இலவசமாகப் பொருத்தும் திட்டத்தைப் பிரதமர் 2024 ஆகஸ்டு 30 அன்று தொடங்கி வைத்தார். செலவு 364 கோடி ரூபாய் என்றார்கள். ஆபத்தில் செய்தி அனுப்பலாம், புயல் எச்சரிக்கை பெறலாம், கடல் எல்லை நெருங்கினால் அது அறிவிக்கும். கச்சத்தீவுப் பக்கம் தொழில் செய்யும் எங்களுக்கு அது உயிர் காக்கும் பொருள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் படகு எந்த நேரத்தில் எங்கே நின்றது என்ற பதிவு யாரிடம் எத்தனை நாள் இருக்கும், அதை வைத்துக் கடலுக்குப் போக மீன்வளத் துறை தரும் டோக்கனை நிறுத்துவார்களா, டீசல் மானியத்தை வெட்டுவார்களா, எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் பிடிபட்டால் அந்தப் பதிவை வைத்து எல்லை தாண்டவில்லை என்று நிரூபிக்க எங்களுக்குக் கொடுப்பார்களா? இதை எழுதிக் கேட்ட சங்கம் எதுவும் நான் அறிந்தவரை இல்லை.

வழக்கறிஞர், ராமநாதபுரம் எழுதியது:

நல்ல கேள்வி, அண்ணன். முகாமில் முதலில் வைக்க வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அதன் வழியாகத்தான் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 வந்தது. தன்னைப் பற்றிய தரவு எப்படிக் கையாளப்படுகிறது என்று கேட்கும் உரிமை அதில் உண்டு, தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் அதே சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, மத்திய அரசு தான் அறிவிக்கும் அரசு அமைப்புகளை நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைச் சொல்லிச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கி வைக்கலாம். எல்லையோரக் கடலில் ஓடும் படகின் பதிவை எந்தப் பக்கம் தள்ளுவார்கள் என்பது ஊகிக்க முடியாத ஒன்றல்ல. அந்தப் பதிவின் நகல் படகு உரிமையாளருக்கு உண்டு என்று ஒரு வரி விதியில் சேர்க்கும்படி கேட்பதுதான் சட்டச் சீர்திருத்தம். பெரிய வார்த்தையாகத் தெரிந்தாலும் வேலை ஒரு வரியில்தான் இருக்கிறது.

அலைவரிசை, பாம்பன் எழுதியது:

சமுதாய வானொலி பற்றி யாரும் எழுதவில்லையே. நம் பாம்பனில் மீனவர்களுக்காகவே கடல் ஓசை 90.4 நிலையம் 2016இல் தொடங்கியது. கடலுக்குள்ளும் கொஞ்ச தூரம் கேட்கும். வானிலை சொல்லலாம், மின்தடை சொல்லலாம், குடிநீர் வண்டி எப்போது வரும் என்று சொல்லலாம், தேர்வு முடிவும் சொல்லலாம்; செய்தி சொல்லக் கூடாது. இது ஒரு நிலையத்தின் கொள்கை அன்று, நாடு முழுவதும் உள்ள சமுதாய வானொலிகளுக்கு மத்திய அரசு வைத்த நிபந்தனை. அகில இந்திய வானொலியின் செய்தியை உள்ளடக்கம் மாறாமல் எடுத்துத் தரலாம், அவ்வளவுதான். நம் துறைமுகத்துப் படகைப் பிடித்துப் போனார்கள் என்ற தகவல் வாட்ஸ்அப் குழுக்களில் அரைகுறையாகச் சுற்றும்போது, அதைச் சரிபார்த்துச் சொல்லக்கூடிய உள்ளூர் வானொலி வாய்மூடி இருக்க வேண்டும்!

அலைக்கற்றை பொதுச் சொத்து, அது அரசின் ஏகபோகம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்துவிட்டது. தனியார் பண்பலையும் சமுதாய வானொலியும் செய்தி சொல்ல அனுமதி கேட்டுக் காமன் காஸ் என்ற டில்லி நிறுவனம் 2013இல் வழக்குப் போட்டது. இத்தனை ஆண்டுகள் ஆகியும் ஓர் உள்ளூர்ச் செய்தியறிக்கையை வாசிக்க எங்களால் முடியவில்லை. சங்குமால் அண்ணன் சொன்னதுபோல டில்லி வழக்கு டில்லியிலேயே நின்றுபோவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

சின்னப்பாலம் எழுதியது:

நான் கடற்பாசி எடுக்கும் குடும்பத்துப் பெண். என் கேள்வி கைபேசி பற்றியது. தீவுப் பக்கம் போய்வந்த பெண்களை ஓர் அலுவலர் கரையில் நிறுத்தித் திட்டியதை என் தங்கை படம் பிடித்தாள். கைபேசியை வாங்கிப் படத்தை அழித்த பிறகே திருப்பிக் கொடுத்தார்கள். எழுத்தில் எதுவும் தரவில்லை. எங்களை மட்டும் யார் வேண்டுமானாலும் படம் எடுத்து எங்கு வேண்டுமானாலும் போடுகிறார்கள். நாங்கள் எடுத்தால் குற்றமாகிறது. இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது?

வழக்கறிஞர், ராமநாதபுரம் எழுதியது:

தங்கையின் கைபேசியிலிருந்து படத்தை அழிக்கும் அதிகாரம் கரையில் நிற்கும் எந்த அலுவலருக்கும் இல்லை. வழக்குக்குத் தேவை என்று கைப்பற்றினால் சாட்சிகள் முன் பட்டியல் எழுத வேண்டும். பழைய குற்ற நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 105ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவாகவும் எடுக்கச் சொல்கிறது. பட்டியலும் இல்லை, பதிவும் இல்லை என்றால் நடந்தது கைப்பற்றுதலே அன்று, பறிப்பு. அன்றைய தேதியும் நேரமும் இடமும் குறித்து, சேர்ப்பித்ததற்கான சான்றுடன் விரைவுத் தபாலில் ஒரு புகார் அனுப்பி வையுங்கள், உடனே பலன் கிடைக்காவிட்டாலும்.

இதன் பெரிய வடிவம் டில்லியில் ஓடிக்கொண்டிருக்கிறது. செய்தியாளர்களின் கைபேசியையும் மடிக்கணினியையும் விசாரணை அமைப்புகள் எடுத்துப் போவதற்கு வரைமுறை வேண்டும் என்று ஃபவுண்டேஷன் ஃபார் மீடியா புரொஃபஷனல்ஸ் என்ற அமைப்பு வழக்குத் தொடுத்தது. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இது பாரதூரமான விஷயம் என்று கருதி வழிகாட்டு நெறிகளை வகுக்கும்படி மத்திய அரசிடம் சொன்னது. அந்த நெறிகள் செய்தியாளரோடு நின்றுவிடாமல் பாசி எடுக்கும் பெண்ணின் கைபேசிக்கும் பொருந்த வேண்டும் என்று யாராவது எழுதி அனுப்ப வேண்டும். உங்கள் தங்கையின் புகார் அதற்கு நல்ல சான்றாக அமையும்.

மண்டபம் நிருபர் எழுதியது:

என் பங்குக்கு ஒன்று. ஓர் இறால் பண்ணையின் கழிவுநீர் பற்றி எழுதியதற்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. சம்பளம் இல்லாத, செய்திக்கு இத்தனை என்று கூலி பெறும் நிருபருக்குப் பத்திரிகை நிறுவனத்தின் சட்டப் பிரிவு துணைக்கு வராது என்பதைத் தாலுகா நிருபர்கள் அனைவரும் அறிவார்கள். அவதூறு வழக்கில் எங்களைப் போன்றவர்களுக்கு ஏதாவது பிடிமானம் உண்டா?

வழக்கறிஞர், ராமநாதபுரம் எழுதியது:

உண்டு, அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போனதே. கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முயன்றபோது எழுந்த ராஜகோபால் வழக்கில், 1994இல் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கியது. பொது ஆவணத்தில் உள்ளதை வெளியிட எவருடைய அனுமதியும் தேவையில்லை. அரசு அலுவலரின் பணி சார்ந்த நடத்தை பற்றி எழுதினால், உண்மையைப் பொருட்படுத்தாமல் எழுதியதாக நிரூபிக்காதவரை அவர் நஷ்டஈடு கேட்க முடியாது. அதே சமயம், அவதூறைக் குற்றமாக வைத்திருப்பது செல்லும் என்று 2016இல் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள், அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ் சட்டத்தில் இன்று 356ஆம் பிரிவாக இருக்கின்றன. ஆகவே குற்றச் சட்டத்திலிருந்து அவதூறை நீக்கக் கோரும் சீர்திருத்தம் இனி நாடாளுமன்றத்தில்தான் நடக்க வேண்டும்.

இடையில் சென்னை உயர் நீதிமன்றம் செய்த ஒரு காரியம் குறிப்பிடத்தக்கது. அமைச்சர்களுக்காக அரசு வழக்கறிஞரே நேராக அமர்வு நீதிமன்றத்தில் அவதூறு வழக்குப் போடும் வழி ஒன்று சட்டத்தில் உண்டு. ஆள்பவர்களுக்கு இலவசமாகக் கிடைத்த அந்தக் கருவி இங்கே தாராளமாகவே பயன்பட்டது. 2020 மே மாதம் நீதிபதி அப்துல் குத்தூஸ், பத்திரிகை ஆசிரியர்கள் மீதும் செய்தியாளர்கள் மீதும் இருந்த அத்தகைய வழக்குகளை மொத்தமாக ரத்து செய்து, அரசு வழக்கறிஞர் தானாக ஆராயாமல் வழக்குப் போடக் கூடாது என்றார்.

உங்கள் நோட்டீசுக்கு வருகிறேன். பண்ணையின் பதிவுச் சான்று, ஆய்வறிக்கை, நீர் மாதிரி முடிவு ஆகியவை உங்கள் கையில் இருந்தால் நீங்கள் எழுதியது பொது ஆவணத்தின் மேல் நிற்கும். இல்லாவிட்டால் மீனவர் சொன்னார் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் தனியாக நிற்க வேண்டியிருக்கும்.

ஓய்வாசிரியர், கீழக்கரை எழுதியது:

வக்கீல் தம்பி சொன்ன அந்த ஆவணம்தான் இப்போது கைநழுவுகிறது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். தமிழ்நாடு 1997இலேயே, விதிவிலக்குகள் மலிந்ததாக இருந்தாலும், தகவல் உரிமைக்கு ஒரு சட்டம் செய்த முதல் மாநிலம். 2005இல் வந்த மத்தியச் சட்டம் அதைவிட வலுவானது. அதன் விதை ராஜஸ்தானில் விழுந்தது. மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் அமைப்பினர் 1994 முதல் கிராமத்து மேடைகளில் கூலிப் பட்டியலை உரக்க வாசித்தார்கள். பட்டியலில் இருந்த பெயருக்குரியவர் கூட்டத்தில் எழுந்து, நான் அந்த வேலைக்கே போகவில்லையே என்பார். பெயர் இல்லாத பட்டியலை வைத்து அதைச் செய்திருக்க முடியாது.

அந்த 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு முன்பு எப்படி இருந்தது என்றால், பொதுச் செயல்பாட்டோடு தொடர்பில்லாத, அல்லது ஒருவருடைய அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தனிநபர் தகவலை மட்டும் மறுக்கலாம். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்றும் கூடவே இருந்தது. மேலே விசைப்படகுத் தம்பிக்குச் சொல்லப்பட்ட அதே தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு இவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று சுருக்கிவிட்டது. முந்தைய வரைவுகளில் செய்தித் தொழிலுக்கு இருந்த விலக்கும் இறுதிச் சட்டத்தில் இல்லை.

நம் கரையில் இது எங்கே கடிக்கும்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அதற்கான நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்துவதாக முதலமைச்சர் 2023 ஆகஸ்டில் மண்டபம் மாநாட்டில் அறிவித்தார். வாங்கியவர்கள் யார், கடலுக்கே போகாதவர் பெயர் எப்படி ஏறியது, போகிறவர் பெயர் ஏன் விடுபட்டது என்று கேட்டால், தனிநபர் தகவல் என்ற ஒரே பதிலில் விண்ணப்பத்தை முடித்துவிடலாம்.

சங்குமால் எழுதியது:

வாத்தியார் ஐயா, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். பட்டியல் விஷயம் எங்கள் ஊரில் ஒவ்வோர் ஆண்டும் சண்டை. ஆனாலும் ஒரு சந்தேகம். என் வங்கிக் கணக்கு எண்ணும் ஆதார் எண்ணும் சுவரில் ஒட்டப்படுவதை நான் விரும்ப மாட்டேன். அந்தரங்கம் வேண்டும் என்று வழக்கு நடத்துகிறவர்களும் பட்டியல் வேண்டும் என்கிறவர்களும் ஒரே ஆட்களாக இருக்கிறார்களே, இது எப்படிப் பொருந்தும்?

ஓய்வாசிரியர், கீழக்கரை எழுதியது:

பழைய 8(1)(ஜே) அதைத்தான் பிரித்து வைத்திருந்தது. பெயரும் ஊரும் பெற்ற தொகையும் பொதுப் பணத்தின் கணக்கு. வங்கி எண் அவருடைய சொந்தக் கணக்கு. அந்த வரம்பை அழித்துவிட்டு இரண்டையும் ஒரே பெட்டியில் பூட்டியதைத்தான் தகவல் உரிமைக்கான தேசிய மக்கள் இயக்கமும் செய்தியாளர் அமைப்புகளும் எதிர்க்கின்றன. அந்தரங்கத்தை எதிர்க்கிறார்கள் என்று சொல்வது விஷயம் தெரியாத பேச்சு.

வழக்கறிஞர், ராமநாதபுரம் எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கதவு முழுதாக மூடப்படவில்லை. மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை யாரும் கேட்காமலே அலுவலகம் வெளியிட வேண்டும் என்ற, தகவல் உரிமைச் சட்டத்தின் 4(1)(பி) பிரிவின் 12ஆம் உட்பிரிவை எவரும் திருத்தவில்லை. பொதுநலன் பெரிதாக இருந்தால் விலக்களிக்கப்பட்ட தகவலையும் தரலாம் என்ற 8(2) பிரிவும் அப்படியே இருக்கிறது. ஆகவே விண்ணப்பத்தில் இந்த இரண்டையும் எண்ணோடு குறிப்பிட்டு, வங்கி எண்ணும் ஆதார் எண்ணும் வேண்டாம் என்று வெளிப்படையாக எழுதிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். மறுப்பு வந்தாலும் அது காரணத்தோடு எழுத்தில் வரும். அந்த மறுப்புக் கடிதம்தான் டில்லி வழக்கறிஞர்களுக்கு வேண்டியது. நம் குறையை வாய்மொழியாகச் சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய இயலாது.

அலைவரிசை, பாம்பன் எழுதியது:

அப்படியானால் முகாமை முதலில் வைத்துவிட்டு விண்ணப்பத்தைப் பிறகு போடுவது வீண். இப்போதே விண்ணப்பம் போவது நல்லது. நிவாரணப் பட்டியலுக்கு ஒன்று, டிரான்ஸ்பான்டர் பதிவை வைத்திருப்பதற்கான விதி எது என்று ஒன்று, இறால் பண்ணை ஆய்வறிக்கைக்கு ஒன்று. நிருபர் தம்பி எழுதித் தந்தால் நான் தட்டச்சு செய்கிறேன்.

விசைப்படகு, தங்கச்சிமடம் எழுதியது:

எங்கள் சங்கத்தின் முத்திரையோடு அனுப்பலாமா?

வழக்கறிஞர், ராமநாதபுரம் எழுதியது:

வேண்டாம், அண்ணன். தகவல் உரிமைச் சட்டம் குடிமக்களுக்குத்தான் அந்த உரிமையைத் தருகிறது. சங்கத்தின் பெயரில் போனால் அதையே காரணம் காட்டித் திருப்பி அனுப்ப வாய்ப்புண்டு. உங்கள் சொந்தப் பெயரில், வீட்டு முகவரியோடு, 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி அனுப்புங்கள். டிரான்ஸ்பான்டர் விண்ணப்பம் மத்திய மீன்வளத் துறைக்கும் ஒரு பிரதி போக வேண்டும், அதற்குக் கட்டணம் தனி.

சின்னப்பாலம் எழுதியது:

தங்கை புகாரை எழுதிவிட்டாள். நாளை மண்டபம் தபால் நிலையத்தில் விரைவுத் தபாலில் போடுகிறோம். முகாமைத் தடைக்காலத்தில் வையுங்கள். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆண்களும் வருவார்கள். பெண்களுக்கு மதியத்துக்குப் பிறகு இருந்தால் வசதி. பேசுகிறவர்கள் தமிழில் பேச வேண்டும், அல்லது வரிக்கு வரி சொல்ல ஒருவர் வேண்டும் என்று அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

மண்டபம் நிருபர் எழுதியது:

எழுதிவிட்டேன், அக்கா. கணக்கறிக்கையையும் அதே கடிதத்தில் கேட்டிருக்கிறேன். மூன்று விண்ணப்பங்களின் வரைவையும் இன்று இரவு இந்த இழையிலேயே இடுகிறேன். தொண்டி, திருப்பாலைக்குடி, ஏர்வாடிப் பக்கம் உள்ளவர்கள் தங்கள் ஊர்ப் பெயரை மாற்றி அதே வாசகத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.